குறுக்கீட்டுச் சச்சரவைத் தீர்க்க அமர்த்திய அளவீட்டுச் சேவை: எங்கள் அனுபவம்

இரண்டு வயர்லெஸ் நிறுவனங்களுக்கிடையே அலைக் குறுக்கீடு பற்றிய சச்சரவு எழுந்தால், அது ஒழுங்குமுறை ஆணையத்திடம் போவதற்கு முன்பே களத்தில் அளந்து பார்த்து, இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசி முடிக்கும் தனியார் சேவை ஒன்றை நாங்களும் பக்கத்து நிறுவனமும் செலவைப் பாதியாகப் பகிர்ந்துகொண்டு அமர்த்தினோம். அளவீட்டு வேலைக்கு முழு மதிப்பெண் தருவேன். அதற்குப் பிந்தைய வேலைக்குப் பாதிதான்.

சிக்கல் பழையது. பக்கத்து நிறுவனம் பயன்படுத்தும் 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கோபுரம் ஒலிபரப்பும் பகுதி 869 முதல் 894 மெகாஹெர்ட்ஸ் வரை. நாங்கள் பயன்படுத்தும் 900 அலைவரிசையில் கைப்பேசிகளின் குரலைக் கோபுரம் கேட்கும் பகுதி 890 முதல் 915 வரை. ஒருவர் உரக்கப் பேசும் இடத்தை ஒட்டியே இன்னொருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அவர்களுடைய அலை 889-இல் முடிகிறது, எங்களுடையது 892-இல் தொடங்குகிறது. இடையில் இருப்பது 3 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. கைப்பேசிகளின் அலையை வாங்கும் எங்கள் ஏற்பியில் இரைச்சல் மட்டம் 11 டெசிபல் ஏறி, கோபுரத்தின் எல்லையோரத்தில் அழைப்புகள் அறுந்துகொண்டிருந்தன. அவர்களுடைய ஒலிபரப்பி எல்லை தாண்டிச் சிந்துகிறது என்று நாங்கள் எழுத, எங்கள் ஏற்பிக்குத்தான் பக்கத்து அலையை ஒதுக்கத் தெரியவில்லை என்று அவர்கள் எழுத, மூன்று மாதம் கடிதத்திலேயே கழிந்தது.

அந்தச் சேவையிலிருந்து வந்த பொறியாளர்கள் இருவரும் முதலில் எங்கள் கோபுரத்தைத்தான் சந்தேகித்தார்கள். தளர்ந்த இணைப்பியும் துருப்பிடித்த போல்ட்டும்கூட இரண்டு அலைகளைக் கலந்து மூன்றாவது அலையைப் பிறப்பிக்கும் என்பதால், இணைப்பிகள் ஒவ்வொன்றையும் முறுக்குவிசைச் சாவியால் சோதித்த பிறகே, எந்த அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் திறந்தார்கள். எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. அது சரியான வரிசை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து, சோதனையை நள்ளிரவுக்கு வைத்தார்கள். அந்நேரத்தில் எங்கள் பயனர்களின் கைப்பேசிகள் எழுப்பும் இரைச்சல் குறைவு என்பது வசதி. ஆனால் பக்கத்து ஒலிபரப்பியும் சுமையின்றிச் சோம்பிக் கிடக்கும் என்பதால் குறுக்கீடே இல்லை என்ற பொய்யான முடிவு கிடைத்துவிடும். அதனால் செயற்கைச் சுமை ஏற்றி அவர்களுடைய ஒலிபரப்பியை முழுத் திறனுக்குக் கொண்டுவரச் செய்தார்கள். எங்கள் ஏற்பியின் வாயிலில், பக்கத்து அலையைத் தடுத்து எங்கள் அலையை மட்டும் உள்ளே விடும் ஒரு வடிகட்டியைப் பொருத்தியதும், 11 என்றிருந்த ஏற்றம் 4-க்கு இறங்கியது. வடிகட்டியே ஏறத்தாழ ஒரு டெசிபலை விழுங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக் காட்டினார்கள். பக்கத்து ஒலிபரப்பியை ஐந்து நிமிடம் அணைத்ததும் அந்த 4-உம் மறைந்தது. வடிகட்டியால் போனது எங்கள் ஏற்பியின் பலவீனம். வடிகட்டிக்குப் பிறகும் எஞ்சியது எங்கள் அலைக்குள்ளேயே வந்து விழும் சிந்தல், அதை எங்கள் பக்கத்து வடிகட்டி எதுவும் தடுக்க முடியாது. இரு தரப்புப் பொறியாளர்களும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், மூன்று மாத வாதம் அங்கேயே முடிந்தது. குற்றத்தின் பெரும்பங்கு எங்களுடையது என்பதை மேலாளரிடம் சொல்லும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

மறுவாரம் நடந்த பேச்சுவார்த்தையில், அமெரிக்காவில் 800 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் நெக்ஸ்டெல் நிறுவனத்தின் அலைகளும் காவல், தீயணைப்புத் துறைகளின் அலைகளும் பின்னிக்கிடந்ததைப் பிரிக்க 2004-இல் ஆணை பிறந்தும், வேலை முடியப் பத்தாண்டுக்கு மேல் ஆனதை அந்தச் சேவையின் நடுவர் நினைவூட்டினார். அதன் பிறகு இரு பக்கத்திலும் குரல் தணிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்து அறிக்கை ஒப்புக்கொண்ட நாளுக்கு மூன்று வாரம் பிந்தி வந்தது. செலவுப் பங்கீட்டைப் பற்றி அதில் இருந்தது ‘இரு தரப்பும் நியாயமாகப் பகிர்ந்துகொள்ளலாம்’ என்ற ஒற்றை வரிதான். அவரவர் வடிகட்டியை அவரவர் வாங்குவது என்ற முடிவை நாங்களேதான் எட்டினோம். வடிகட்டிகள் பொருத்திய பின் செய்யவேண்டிய மறு அளவீட்டுக்குத் தனிக் கட்டணம் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அதைக் கொடுக்க மனமில்லாமல் நாங்களே அளந்தோம். ஏற்றம் ஒரு டெசிபலுக்கும் கீழே வந்திருந்தது. அந்த அளவீட்டுப் படத்தை நடுவருக்கும் அனுப்பினோம், இன்றுவரை பதில் இல்லை.