கியூட்டி டேபிள் மாடல்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நெடுவரிசை வருமா?

இங்கே பார்ப்பது கியூட்டியின் எஸ்கியூஎல் மாட்யூல் (கியூட்டி என்பது சி++ல் விண்டோ நிரல்கள் எழுத உதவும் தொகுப்பு; இந்த மாட்யூல் அதை டேட்டாபேஸோடு இணைப்பது). அதிலும் ஃபீல்ட்இன்டெக்ஸ் என்ற ஒரே ஒரு வசதி. திரையில் டேபிளாக விரியும் தரவிலிருந்து விலையை 2 என்ற எண்ணால் அல்லாமல் "ப்ரைஸ்" என்ற பெயரால் எடுக்க அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது? வசதி இருக்கிறது, ஒழுங்காகவும் வேலை செய்கிறது. ஆனால் பெயர் தப்பினால் வாயே திறக்காது. அதுதான் இதன் பெரிய குறை. (கிளாஸ் பெயர்களின் முன்னால் வரும் 'கியூ', 'கியூஎஸ்கியூஎல்' என்பவற்றை எழுதாமல் விட்டிருக்கிறேன்.)

எடுத்துக்காட்டுக்கு ஐட்டம்ஸ் என்ற டேபிள்: ஐடி, நேம், ப்ரைஸ், யூனிட்_ஐடி. மாடலுக்கு (தரவைத் திரைக்கு எடுத்துத் தரும் கிளாஸ்) அடியில் எல்லாமே எண்தான். இன்டெக்ஸ் (ஒரு கட்டத்தின் முகவரி) கேட்டாலும் டேட்டா கேட்டாலும் வரிசை எண், நெடுவரிசை எண். டேபிளை மாற்றிக் கட்டும்போது நடுவில் பார்கோடு என்று ஒரு ஃபீல்டு நுழைந்தால் 2 என்பது 3 ஆகிவிடும். கம்பைலர் கண்டுகொள்ளாது, விலைக் கட்டத்தில் பார்கோடு போய் உட்காரும். இதற்கு மருந்து ஃபீல்ட்இன்டெக்ஸ். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பும், அப்படியொரு பெயர் இல்லையென்றால் -1. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை.

எந்த டேபிள் என்று சொல்லும் செட்டேபிளை அழைத்ததுமே மாடல் டேபிளின் அமைப்பைப் படித்துவிடுகிறது. எனவே தரவை எடுத்துவரும் செலெக்ட் வரை காத்திருக்காமல் பெயர்களைக் கேட்டுவிடலாம். செட்டேபிளுக்கு முன்னால் கேட்டால் -1. டேட்டாபேஸ் இணைப்பு திறக்காத நிலையில் செட்டேபிள் செய்திருந்தாலும் -1தான். அப்போது லாஸ்ட்எரரைப் பாருங்கள். டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை ஓடிய பிறகு மறுபடி செட்டேபிள் செய்ய வேண்டும்.

அந்த -1 என்னென்ன செய்யும் என்று தெரிந்துகொள்வது நல்லது. அதை வைத்து இன்டெக்ஸ் உருவாக்கினால் செல்லாத இன்டெக்ஸ் வரும். அதன் டேட்டா ஒரு வெற்று வேரியன்ட் (எந்த வகை மதிப்பையும் தாங்கும் பெட்டி). அதை எண்ணாக மாற்றினால் 0, எழுத்தாக மாற்றினால் காலி. எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் பில்லில் விலை 0 என்று அச்சாகும். செட்டேட்டா ஃபால்ஸ் என்று திருப்பும். அதை யார் பார்க்கிறார்கள்? ஹைட்காலத்துக்கு -1 போனால் ஐடி மறையாமல் திரையில் அப்படியே நிற்கும். செட்சார்ட்டுக்குப் போனால் வரிசைப்படுத்தும் ஆர்டர் பை சேராது.

ஆகவே ஃபீல்ட்இன்டெக்ஸை நேரடியாக அழைக்காமல், அதைச் சுற்றி நாலு வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள்: -1 வந்தால் டேபிள் பெயர், ஃபீல்டு பெயர் இரண்டையும் சொல்லி கியூஃபேட்டலில் நிறுத்திவிட வேண்டும். அஸெர்ட் போதாது, ரிலீஸ் பில்டில் அது காணாமல் போய்விடும். விண்டோ திறக்கும்போதே எல்லாப் பெயர்களையும் ஒருமுறை கேட்டு, எண்களைக் கிளாஸ் உறுப்புகளில் வைத்துக்கொள்வது நல்லது. ஃபீல்ட்இன்டெக்ஸ் ஒவ்வொரு முறையும் பெயர்களை வரிசையாக ஒப்பிட்டுத் தேடுகிறது. கட்டங்களை வரையும் டெலிகேட்டின் பெயின்ட்டுக்குள் அதை வைத்தால் ஸ்க்ரோல் செய்யும்போது கட்டத்துக்குக் கட்டம் அந்தத் தேடல் நடக்கும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ரிலேஷனல் டேபிள் மாடல். யூனிட்_ஐடிக்குப் பதில் யூனிட்ஸ் டேபிளிலிருந்து "கிலோ", "லிட்டர்" என்று காட்ட செட்ரிலேஷன் போடுகிறோம். செலெக்ட் ஓடியதும் மாடலில் அந்த நெடுவரிசையின் பெயர் யூனிட்_ஐடி இல்லை. காட்டப்படும் ஃபீல்டின் பெயர் அதன் இடத்தைப் பிடித்துவிடும். நம் டேபிளிலும் நேம், அங்கேயும் நேம் என்று மோதினால், யூனிட்ஸ்_நேம் என்று தொடங்கும் மாற்றுப் பெயரை மாடலே வைத்துக்கொள்ளும். இப்போது யூனிட்_ஐடி எங்கே என்று கேட்டால் -1. இடம் மாறவில்லை, பெயர்தான் மாறியது. எனவே ஒழுங்கு இதுதான்: செட்டேபிள், பிறகு ஃபீல்ட்இன்டெக்ஸ், அந்த எண்ணை வைத்து செட்ரிலேஷன், கடைசியில் செலெக்ட். இன்னொன்று: இயல்பாக நடப்பது இன்னர் ஜாயின், இரண்டு டேபிளிலும் பொருந்துபவை மட்டுமே வரும். அலகு நிரப்பாத பொருள்கள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். செட்ஜாயின்மோடில் லெஃப்ட் ஜாயின் கொடுத்தால் திரும்பி வரும்.

ரெக்கார்ட் (ஒரு முழு வரிசை) வழி எழுதுவதற்கு இனிமையானது. மாடலின் ரெக்கார்டை வரிசை எண்ணோடு கேட்டு, வேல்யூவில் "ப்ரைஸ்" என்று கொடுத்தால் முடிந்தது. திரும்ப எழுதும் செட்ரெக்கார்டும் ஃபீல்டுகளை இடத்தால் அல்ல, பெயரால்தான் பொருத்துகிறது. புதிய பதிவு சேர்க்கப் புதிய ரெக்கார்டில் செட்வேல்யூ செய்து இன்சர்ட்ரெக்கார்டுக்கு -1 கொடுத்தால் கடைசியில் சேரும் (இங்கே மட்டும் -1 நல்ல பிள்ளை). ஆனால் செட்வேல்யூவில் பெயர் தப்பினால் எதுவுமே நடக்காது. ஒவ்வொரு அழைப்பும் முழு வரிசையையும் நகலெடுப்பதால் ஒரு பதிவைத் திருத்தும் படிவத்துக்கு இது சரி, ஆயிரக்கணக்கான வரிசைகளைக் கூட்டும் லூப்புக்குச் சரியில்லை. எஸ்கியூலைட் டேட்டாபேஸில் இன்னொரு கண்ணி உண்டு: முதலில் 256 வரிசைகள்தான் வந்திருக்கும். கேன்ஃபெட்ச்மோர் உண்மையாக இருக்கும்வரை ஃபெட்ச்மோர் அழைக்காமல் கூட்டினால் மொத்தம் குறையும்.

வெறும் குவெரி மாடலில் (நாமே எழுதிய எஸ்கியூஎல் வினவலின் விடையைக் காட்டுவது) ஃபீல்ட்இன்டெக்ஸ் கிடையாது. ரெக்கார்டை வாங்கி இன்டெக்ஸ்ஆஃப் கேட்க வேண்டும். ஜாயினில் இரண்டு நேம் வந்தால் முதலாவதுதான் கிடைக்கும். கூட்டுத்தொகைக்கு ஏஎஸ் போட்டுப் பெயர் வையுங்கள். போடாவிட்டால் போஸ்ட்கிரஸில் ஒரு பெயர், எஸ்கியூலைட்டில் வேறு பெயர்.

பயனர் தலைப்பை இழுத்து இடம் மாற்றினால் எண் குழம்புமோ என்ற பயம் வேண்டாம். ஹெடர்வியூவில் மாறுவது காட்சி வரிசை மட்டுமே. மாடலின் எண் அப்படியே இருக்கும். மாடலுக்கும் திரைக்கும் நடுவே வடிகட்டும் ப்ராக்ஸி இருந்தால் வரிசை எண்கள்தான் மாறும். சொடுக்கிய இன்டெக்ஸிலிருந்தே சிப்ளிங்அட்காலம் வழியாக விலைக்குப் போவது அங்கே பாதுகாப்பு, இது கியூட்டி 5.11 முதல் உண்டு. செட்ஹெடர்டேட்டாவில் வைத்த தலைப்பை வைத்து நெடுவரிசையைத் தேடாதீர்கள். தலைப்பைத் தமிழாக்கிய அன்றே உடையும்.

மற்றவர்கள் எப்படி? ஜாவா ஸ்விங்கில் ஜேடேபிளின் கெட்காலம், பெயர் இல்லையென்றால் எக்ஸெப்ஷன் வீசுகிறது, அது நல்லது. ஆனால் ஐடென்டிஃபையர் தனியாக வைக்காவிட்டால் தலைப்பே பெயராகிவிடும். மாடல் பக்கம் உள்ள ஃபைன்ட்காலமோ கியூட்டியைப் போலவே -1 தருகிறது. டாட்நெட்டின் டேட்டாகிரிட்வியூவில் நேம், ஹெடர்டெக்ஸ்ட், டேட்டாப்ராப்பர்ட்டிநேம் என்று மூன்றும் தனித்தனி. செல்ஸில் தப்பான பெயர் கொடுத்தால் எக்ஸெப்ஷன், காலம்ஸில் கொடுத்தால் 'நல்' (எதுவும் இல்லை என்ற மதிப்பு). பெயரால் எடுப்பது மட்டுமே கணக்கென்றால் என் ஓட்டு டேட்டாகிரிட்வியூவுக்கு. கியூட்டியில் ஏற்கெனவே இருப்பவர்கள் இதற்காக இடம் மாற வேண்டியதில்லை, அந்த நாலு வரி ஃபங்ஷன் போதும். ஸ்டாண்டர்ட் ஐட்டம் மாடலில் மட்டும் அதுவும் உதவாது. அங்கே நெடுவரிசைக்குத் தலைப்பு உண்டு, பெயர் கிடையாது. எண்களுக்குப் பெயர் சூட்டும் 'எனம்' (enum) ஒன்றை எழுதி நீங்களேதான் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்.