கிலோ கணக்கில் அடங்காத கேக்: வடவள்ளியில் வீட்டிலிருந்து செய்து தருபவரிடம் வாங்கிய அனுபவம்

அப்பாவின் மணிவிழாவுக்கு வெட் கிரைண்டர் வடிவத்தில் ஒரு கேக் செய்து வைக்க வேண்டும் என்று என் தம்பி சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். ஆனால் இரண்டு நாளில் அந்த யோசனையை விட்டால் வேறு எதுவும் மனதுக்குப் பிடிக்காத நிலைக்கு வந்துவிட்டோம். கோவை கணபதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிரைண்டர் செய்து விற்பவர் அவர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகச் செய்தி வந்தபோது, தனக்கே ஏதோ பட்டம் கிடைத்ததுபோல் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தவர். அந்தப் பட்டறையின் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கேக்கைப் பற்றிய இந்த மதிப்புரையில் ருசியைவிட விலை அதிக இடம் பிடித்திருந்தால் அந்தப் பழக்கம்தான் காரணம்.

முதலில் வீட்டுக்கு அருகிலுள்ள பேக்கரியில் கேட்டோம். கிலோ 900 ரூபாய் என்றார்கள். ஆனால் வடிவம் எதுவும் வராது, வட்டக் கேக்கின் மேல் கிரைண்டர் படத்தை அச்சிட்டு ஒட்டித் தரலாம் என்றார்கள். விலை உயர்ந்த கேக் மட்டுமே செய்யும் ஒரு கடையில் கிலோ 2,500 ரூபாய், குறைந்தது மூன்று கிலோ எடுக்க வேண்டும் என்றார்கள். பிறகு உறவினர் ஒருவர் மூலம் வடவள்ளியில் வீட்டிலிருந்தே கேக் செய்து தரும் ஒரு பெண்மணியின் எண் கிடைத்தது. நான் அனுப்பிய மூன்று படங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு கிலோவுக்கு 3,200 ரூபாய் ஆகும் என்று அவர் பதில் அனுப்பினார்.

அப்படியென்றால் கிலோ 1,600 ரூபாயா என்று உடனே கேட்டேன். கடை வாடகை இல்லை, வேலையாள் இல்லை, வீட்டு அடுப்படியில்தானே செய்கிறார் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருந்ததை மறைப்பதற்கில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கணக்கு எழுதி அனுப்பறனுங்க்கா, பாத்துட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் எழுதினார். அரை மணி நேரத்தில், கோடு போட்ட நோட்டுத்தாளில் நீல மையால் எழுதிய ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது.

கேக்குக்கான மைதா, சர்க்கரை, முட்டை, வெண்ணெய், கோகோ எல்லாம் சேர்த்து 300 ரூபாய். உள்ளே பூசும் கனாஷுக்குச் சாக்லேட்டும் கிரீமும் 480. மேலே போர்த்தும் ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவு, நிறங்கள், வெள்ளிப் பொடி ஆகியவை 350. அடியில் வைக்கும் பலகை, உயரமான பெட்டி, உள்ளே தாங்கி நிற்கும் குச்சிகள் 190. ஆக, பொருள் செலவு மட்டும் 1,320. மின்சாரத்துக்கு 80. பத்து மணி நேர வேலைக்கு மணிக்கு 120 வீதம் 1,200. ஓவன், மிக்சர் தேய்மானத்துக்கும் வீணாகிப் போவதற்கும் 200. லாபம் என்று தனியாக 400. கூட்டிப் பார்த்தேன், 3,200 சரியாக வந்தது.

பொருள் செலவில் நான் முதலில் சந்தேகப்பட்டது சாக்லேட்டைத்தான். பெரும்பாலான பிறந்தநாள் கேக்குகளில் பயன்படுவது காம்பவுண்ட் எனப்படும் வகை. கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்தது, விலை குறைவு, வெயிலில் சீக்கிரம் இளகாது. இவர் பயன்படுத்துவது கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் சரிந்து 2024இல் உலகச் சந்தையில் கோகோ விலை வரலாறு காணாத அளவுக்கு ஏறியபோது, கூடிய செலவைத் தானே ஏற்றுக்கொண்டு பழைய விலைக்கே சில மாதம் கேக் கொடுத்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அது நல்ல மனசு என்று சிலர் சொல்லலாம். கணக்கெழுதுகிறவளாக நான் அதை நஷ்டம் என்றுதான் எழுதுவேன்.

கேக்குக்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டதே, இவர் ஏன் குறைக்கவில்லை என்று என் சித்தப்பா கேட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் குறைப்பு நடைமுறைக்கு வந்தது உண்மைதான். ஆனால் பதிவு செய்ய வேண்டிய விற்றுமுதல் வரம்பை எட்டாத இவர் நம்மிடம் ஜிஎஸ்டி வாங்குவதே இல்லை. வாங்காத வரியைக் குறைக்க முடியாது. வெண்ணெய்க்கும் சாக்லேட்டுக்கும் அவர் கடையில் கட்டும் வரி குறைந்திருக்கிறது, அதனால் பொருள் செலவில் சில பத்து ரூபாய் மிச்சமாகலாம். அதே சமயம், கட்டிய வரியைப் பதிவு செய்த பேக்கரிபோலக் கழித்துக்கொள்ளும் வழியும் அவருக்கு இல்லை.

பத்து மணி நேரம் என்பதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு கேக்குக்கு அத்தனை நேரம் எப்படி ஆகும் என்று தெரிந்துகொள்ள, நிறத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்ற சாக்கில் விழாவுக்கு முந்தைய நாள் மாலை அவர் வீட்டுக்கே போனேன். படுக்கையறையில் ஏசியைப் போட்டுவிட்டு, கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே மடக்கு மேசை ஒன்றை விரித்து வேலை செய்துகொண்டிருந்தார். ஈரக்காற்றில் ஃபாண்டன்ட் வியர்த்து ஒட்டும் என்பதால் மின்விசிறிக் காற்று போதாதாம். வெள்ளை உருண்டையில் கறுப்பு நிறத்தைப் பல்குச்சி நுனியால் தொட்டு வைத்துப் பிசைந்தார், போதவில்லை, மறுபடியும் தொட்டுப் பிசைந்தார். எவர்சில்வர் டிரம்மின் சாம்பல் நிறம் வர ஐந்து முறை ஆயிற்று. பிறகு சோளமாவு தூவிய மேசையில் விரித்துத் தேய்த்து, தூக்கிக் கேக்கின் மேல் போர்த்தும்போது விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் உரித்து எடுத்து, மறுபடி பிசைந்து, மறுபடி தேய்த்தார். டிரம்மைப் போர்த்த மட்டும் நாற்பது நிமிடம். குழவிக்கல்லுக்கு இன்னும் கையே வைத்திருக்கவில்லை.

அந்த நாற்பது நிமிடத்தில் எனக்குப் பட்டறைக் கணக்கு நினைவுக்கு வந்தது. லேத்தில் ஒரே மாதிரி நூறு உருப்படி கடைந்தால், எந்திரத்தைச் சரிசெய்து பொருத்தும் நேரம் நூறாகப் பிரிந்துபோகும். ஒரே ஒரு உருப்படி என்றால் அந்த நேரம் முழுவதும் அதன் தலையில்தான் விழும். பவுண்டரிக்காரர்கள் வார்ப்பை எடை போட்டுத்தான் விற்கிறார்கள், ஆனால் அந்த வார்ப்புக்கான பேட்டர்னை, அதாவது அச்சு எடுக்க முதலில் செய்யும் மாதிரி உருவை, யாரும் தராசில் வைத்து விலை சொல்வதில்லை. அது செய்தவரின் நேரத்துக்கான விலை. பேக்கரியின் 900 ரூபாய்க் கேக் வார்ப்பு. எங்கள் கிரைண்டர் கேக் பேட்டர்ன். இதே கேக்கை ஒன்றரைக் கிலோவில் செய்தாலும் குழவிக்கல்லுக்கு அதே நேரம்தான் ஆகும், மூன்று கிலோவில் செய்தால் மாவும் சாக்லேட்டும் கூடுமே தவிர வேலை பாதிப்பங்குகூட அதிகமாகாது. ஆகவே கிலோவுக்கு எவ்வளவு என்ற கேள்வியே இந்தப் பொருளுக்குப் பொருந்தாத கேள்வி. அந்தக் கேள்விக்கு இணங்கி விலை சொல்லும் வீட்டு கேக்காரர்கள் சிறிய, நுணுக்கமான ஆர்டர்களில் நஷ்டப்படுகிறார்கள், பெரிய, எளிமையான ஆர்டர்களில் வாடிக்கையாளரிடம் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள்.

மணிக்கு 120 ரூபாய் நியாயமா என்று கேட்டால், எங்கள் பட்டறையில் லேத் ஓட்டுபவருக்கு எட்டு மணி நேரத்துக்கு 900 ரூபாய், அதாவது மணிக்கு ஏறத்தாழ 112. கூலி என்ற அளவில் அவர் தனக்குப் போட்டுக்கொண்டது அதிகமில்லை. ஆனால் எங்கள் லேத்காரர் இரும்பு வாங்க டவுன்ஹால் பக்கம் அலைவதில்லை, வாடிக்கையாளருக்கு இரவு பத்து மணிக்குப் பதில் எழுதுவதில்லை. நான் மட்டுமே வடிவத்தை மூன்று முறை மாற்றினேன். கம்பெனிப் பெயர்த் தகடும் வேண்டும் என்று கடைசி நேரத்தில் சேர்த்தேன். உயரமான பெட்டி தேடி அவர் போய் வந்தது தனி. பார்த்ததையும் பேசியதையும் வைத்து நான் போட்ட கணக்கில் பத்து மணி நேரமல்ல, பதின்மூன்று. 1,200 ரூபாயைப் பதின்மூன்றால் வகுத்தால் மணிக்கு 92தான் வருகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு கிலோ என்பதில் ஃபாண்டன்ட்டும் அடக்கம் என்பதை ஆர்டர் எடுக்கும்போது அவர் சொல்லவில்லை. வீட்டில் பலகையோடு நிறுத்தபோது 2.75 கிலோ இருந்தது. பலகை 450 கிராம் போக 2.3 கிலோ. அதில் ஃபாண்டன்ட் 600 கிராம். அதாவது நாங்கள் உண்மையில் சாப்பிடக்கூடிய கேக் 1.7 கிலோ. ஃபாண்டன்ட்டைப் பெரியவர்கள் பாதிப் பேர் உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார்கள், ஏனென்றால் அது வெறும் சர்க்கரை, அதுவும் தடிமனாக இருந்தது. விருந்துக்கு வந்தவர்களை எண்ணித்தான் எடை சொல்லியிருந்தோம் என்பதால் கடைசி வரிசைக்குச் சிறிய துண்டுகள்தான் போயின. இது ஏமாற்று அல்ல, இத்தொழிலில் பலரும் இப்படித்தான் எடை சொல்கிறார்கள். ஆனாலும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். அதேபோல் வண்டியில் கொண்டுவந்து தர 350 ரூபாய் தனி என்பது இரண்டு நாளுக்கு முன்புதான் தெரிந்தது. நாங்களே போய் எடுத்துக்கொண்டோம்.

வெள்ளிப் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. கேக் அலங்காரத்துக்கென்று விற்கும் மினுமினுப்புப் பொடிகளில் சிலவற்றில் நச்சற்றது என்று மட்டுமே எழுதியிருக்கும். அதற்குச் சாப்பிடலாம் என்று பொருளல்ல. நான் கேட்டவுடன் அவர் டப்பாவைத் திருப்பி, உண்ணத்தக்கது என்ற வரியைக் காட்டினார். பெட்டியின் மேல் அவருடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் ஒட்டப்பட்டிருந்தது. வீட்டில் செய்பவர்களிடம் இந்த இரண்டையும் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

மருதமலைச் சாலையின் வேகத்தடைகளைக் கடந்து கணபதி வரை வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. மடியில் வைக்கக் கூடாது, முன்னிருக்கைக்குக் கீழே சமமான தரையில் வைத்து ஏசியை முழு அளவில் போட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியே செய்தோம், குழவிக்கல் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. பெட்டியைத் திறந்ததும் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, டிரம்முக்கும் கல்லுக்கும் இடையே வெள்ளைச் சாக்லேட்டில் செய்திருந்த மாவைப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பெல்ட் கவர் இல்லாமயா டெலிவரி எடுத்தே?" என்றார். வெட்டுவதற்கு அரை மணி நேரம் சம்மதிக்கவில்லை. ஃபாண்டன்ட்டை உரித்த பிறகு உள்ளே இருந்த கேக் ஈரப்பதம் குறையாமல், கோகோவின் மெல்லிய கசப்போடு, கனாஷ் நாக்கில் மெழுகாக ஒட்டாமல் இருந்தது. காம்பவுண்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என் அத்தைக்கே தெரிந்தது. அவருக்கு எந்தக் கேக்கும் ஒரே கேக்தான்.

3,200 ரூபாய் நியாயமான விலை. நூறு, இருநூறு கூடக் கேட்டிருந்தாலும் நியாயமாகவே இருந்திருக்கும், அதைக் கிலோ கணக்கில் சொல்லாமல் இருந்திருந்தால். பேரம் பேச நினைப்பவர்கள் வேலையைக் குறைத்துப் பேசலாம்: முழுக்க ஃபாண்டன்ட் போர்த்தாமல் கிரீம் பூசி, ஒரே ஒரு பொம்மையை மட்டும் மேலே வைக்கச் சொன்னால் மணிநேரம் பாதியாகும், விலையும் இறங்கும், கேக்கும் வாய்க்குள் போகும். வேலையை அப்படியே வைத்துக்கொண்டு விலையை மட்டும் குறைக்கச் சொல்வது, அவருடைய கூலியிலிருந்து நமக்குத் தள்ளுபடி கேட்பது.

எடை, வண்டிக் கட்டணம் இரண்டையும் பற்றி அவரிடம் நேரடியாகவே சொன்னேன். தம்பி மகளின் பிறந்தநாளுக்காகப் போன வாரம் கேட்டபோது வந்த தாளில் கிலோ என்ற சொல்லே இல்லை: இருபது பேருக்கு, கிரீம் கேக், மேலே ஒரு யானை, நான்கு மணி நேர வேலை, 1,750 ரூபாய்; கணபதி வரை கொண்டுவர 350 தனி; பாதி முன்பணம். அன்று இரவே 875 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.