ஒரே சொனாட்டா, மூன்று பியானோ: பன்னிரண்டு ஆண்டுகள் கேட்ட பிறகு

போலந்து இசையமைப்பாளர் ஷோபன் 1839இல் முடித்த பி-ஃபிளாட் மைனர் சொனாட்டாவை (பியானோவுக்கான நான்கு பகுதி இசைப்படைப்பு), மூன்று பியானோ கலைஞர்களின் பழைய பதிவுகளில் பன்னிரண்டு ஆண்டுகளாக மாற்றி மாற்றிக் கேட்டுவருகிறேன். ராக்மனினோஃப் (1930), ஆல்ஃபிரட் கோர்ட்டோ (1933), ஆர்தர் ரூபின்ஸ்டைன் (1961). மூன்றாம் பகுதியான சவ ஊர்வல இசை, பியானோவே கேட்காதவர்களின் காதிலும் எப்போதாவது விழுந்திருக்கும்.

நான் தொடங்கியது ரூபின்ஸ்டைனில். ஒலி தெளிவானது, வாசிப்பில் பதற்றம் கிடையாது. புதிதாகக் கேட்க வருபவருக்கு இன்றும் இதைத்தான் முதலில் கொடுப்பேன்.

ராக்மனினோஃபின் பதிவை முதல்முறை இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். அவ்வளவு இரைச்சல். சில வாரங்கள் கழித்து ஓர் இரவு முழுவதும் கேட்டபோதுதான், காது பழகியதும் அந்த இரைச்சல் கூரைமேல் பெய்யும் மழைபோலத் தானே விலகிப்போவதை உணர்ந்தேன். ஊர்வல இசையின் நடுவே ஒரு தாலாட்டுப் போன்ற மெல்லிசை வரும். அது முடிந்து ஊர்வலம் திரும்பும்போது, தொடக்கத்தைப் போலவே மெல்லிய ஒலியில் எழ வேண்டும் என்பது ஷோபன் எழுதிய குறிப்பு. ராக்மனினோஃப் அங்கே முழு வலிமையோடு இறங்குகிறார். பிறகு ஒவ்வோர் அடியாகக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ஓசை தேய்ந்து மறைகிறது. ஊர்வலம் நம்மைக் கடந்து தெருக்கோடிக்குப் போய்விடுகிறது! அவருக்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ கலைஞர் ஆண்டன் ரூபின்ஸ்டைன் இப்படி வாசித்தவர் (ஆர்தருக்கு உறவினர் அல்லர்). எழுதியவரின் குறிப்பை மீறுவது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. இந்த இடத்தில் மட்டும் மனம் ராக்மனினோஃப் பக்கமே சாய்கிறது.

கோர்ட்டோவோடு ஒத்துப்போக எனக்கு ஆண்டுகள் பிடித்தன. தவறான ஸ்வரங்கள் அப்பட்டமாகக் கேட்கின்றன. அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடம் சொச்சம்தான் ஓடும். வெட்டி ஒட்ட வழியில்லை. ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானால் முழுப் பக்கத்தையும் மறுபடி வாசிக்க வேண்டும். என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய இடக்கை. தாழ்ந்த ஸ்வரம் ஒரு கணம் முந்தி ஒலிக்கும். அதன்மேல் வலக்கையின் மெட்டு, பாடகர் மூச்செடுத்துப் பாடுவதுபோல வந்து அமரும். முன்பு தடுமாற்றம் என்று நினைத்த இதைத்தான் இன்று மற்றவர்களிடம் தேடுகிறேன்.

வாங்க நினைப்பவர்கள் மறுபதிப்பைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். இரைச்சலை முழுக்க நீக்கியதாகச் சொல்லப்பட்ட ஒரு தொகுப்பை வாங்கி ஏமாந்தேன். இரைச்சலோடு உச்ச ஸ்வரங்களின் ஒளியும், ஒவ்வொரு ஸ்வரமும் கரையும் வாலும் போயிருந்தன. பியானோ போர்வைக்குள் ஒலித்தது. பிரதியெடுக்கும்போது பழைய தட்டு சுற்றும் வேகமும் முக்கியம். நிமிடத்துக்கு 78 சுற்றுக்குப் பதில் 80இல் ஓட்டிப் பிரதியெடுத்தால், சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி உயர்ந்துவிடும். சரியாகச் சுருதி சேர்த்த கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

கடைசிப் பகுதி ஒன்றரை நிமிடம்கூடத் தாண்டாது. இரு கைகளும் ஒரே வரியை ஒரு ஸ்தாயி இடைவெளியில், இடைவிடாமல் ஓட்டிச் செல்லும். ராக்மனினோஃபில் அது முடிந்த பின்னும் தட்டில் ஊசி உராயும் ஓசை சில நொடிகள் நீள்கிறது. சில மறுபதிப்புகளில் அதை வெட்டிவிடுகிறார்கள். என்னிடம் உள்ளதில் வெட்டவில்லை. அது அடங்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.