செங்கோட்டை ஞாயிறு வகுப்பு: அணு ஒப்பந்தப் பாடத்துக்குப் போகலாமா?

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் நடக்கும் குடிமைப்பணித் தேர்வு வகுப்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நான் புளியரையில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன், ஞாயிறு மட்டும்தான் படிப்பு. மற்ற பாடங்கள் சுமார். வெளியுறவுப் பாடத்துக்காகவே மாதம் 500 ரூபாய் கொடுக்கலாம்.

பகை நாட்டின் அணு ஆயுதத் திட்டத்தைப் பேசி நிறுத்த முடியுமா என்று சார் பட்டிமன்றம் வைக்கவில்லை. புனலூர்க்காரர், மலையாள வாடையடிக்கும் தமிழ். நேரே வடகொரியாவின் அணு உலை இருக்கும் யோங்பியோனில் ஆரம்பித்தார். 1994 அக்டோபரில் ஜெனீவாவில் அமெரிக்காவோடு ஒப்பந்தம். உலையை நிறுத்தினால் ஆண்டுக்கு 5 லட்சம் டன் எண்ணெய், பிறகு மின்சாரத்துக்கு இரண்டு புது உலைகள். சர்வதேச அணுசக்தி முகமை சீல் வைத்து, கேமரா மாட்டியது. 2002 வரை அந்த உலை ஓடவில்லை. அந்த ஆண்டு, குண்டுக்கு உதவும்படி ரகசியமாக யுரேனியம் செறிவூட்டுவதாக அமெரிக்கா குற்றம் சாட்டியது. எண்ணெய் நின்றது. டிசம்பரில் வடகொரியா சீல்களைப் பிய்த்து, ஆய்வாளர்களை அனுப்பிவிட்டது. 2006 அக்டோபரில் முதல் குண்டுச் சோதனை.

எங்கள் செக்போஸ்டில் சீல் உடைந்த லாரி வந்தால், எந்த இடத்தில் உடைந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். சாரும் அதையேதான் கேட்கவைத்தார்.

"அவங்க ஏமாத்தத்தானே சார் செய்வாங்க?" என்றான் ஒரு பையன்.

"அது தெரிஞ்சதாலதானே தம்பி கேமரா?"

அப்புறம் ஈரான். 2015 ஜூலை, வியன்னாவில் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளோடு ஒப்பந்தம். யுரேனியத்தின் செறிவு 3.67 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, செறிவூட்டிய இருப்பு 300 கிலோவுக்குள். ஈரான் வரம்புக்குள் இருப்பதாக முகமை அறிக்கை மேல் அறிக்கை கொடுத்தும், 2018 மே மாதம் அமெரிக்காதான் விலகியது. 2021இல் ஈரான் 60 சதவீதத்தைத் தொட்டது; குண்டுக்குச் சுமார் 90 வேண்டும். என்னைக் கேட்டால், எதிராளியை மட்டும் சோதிக்கிற ஒப்பந்தம் பாதி ஒப்பந்தம்தான். சார் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை, தேர்வு வகுப்பல்லவா.

குறை என்றால் நோட்ஸ். ஈரான் வரைபடத்தில் செறிவூட்டும் ஆலைகளான நதான்ஸ், ஃபோர்டோ இருக்கும் பகுதியே ஜெராக்ஸில் கருப்பாக வந்திருக்கிறது. ஏவுகணை விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டார். புனலூர் ரயில் லேட்டானால் வகுப்பும் லேட். தென்காசிக்காரர்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்.