பள்ளி ஆலோசகருக்கு எந்தப் பயிற்சி? மூன்று மாணவர்களை வைத்து ஓர் ஒப்பீடு

2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, பள்ளி நிர்வாகங்கள் ஆலோசகர்களைத் தேடத் தொடங்கியிருக்கின்றன. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கு அது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகரையோ, உளவியலாளரையோ, சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும், ஊழியர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சரி, ஆளைப் போட்டாயிற்று. அவருக்கு எங்கே பயிற்சி கொடுப்பது? எம்.ஏ. உளவியல் முடித்தவருக்கு ஃப்ராய்டைத் தெரியும். தாளாளர் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன சொல்லிச்சு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு ஆலோசகருக்கு இன்று பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒருநாள் பயிலரங்கு, தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்சிஇஆர்டி நடத்தும் ஓராண்டு டிப்ளமோ, அமெரிக்க இணையவழிச் சான்றிதழ், மூத்த ஆலோசகர் ஒருவருடன் மாதந்தோறும் கேஸ் பேசும் குழு. பாடத்திட்டத்தை வைத்து ஒப்பிட்டால் நான்குமே நன்றாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பயிற்சியின் முன்னாலும் மூன்று மாணவர்களை உட்கார வைத்துப் பார்க்கிறேன். மூவரும் கற்பனைதான், ஆனால் எந்தப் பள்ளி ஆலோசகரும் இவர்களை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

முதலாவது, பதினோராம் வகுப்பு மாணவி, வயது 16. அதே பள்ளியில் படிக்கும் 17 வயதுப் பையனைக் காதலிக்கிறாள். இருவருக்கும் உடல் உறவும் இருந்திருக்கிறது. "மிஸ், நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு நம்பித்தான் சொல்றேன்" என்கிறாள். இரண்டாவது, 14 வயது மாணவன். முழங்கையில் பிளேடு கீறல்கள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு." மூன்றாவது, பத்தாம் வகுப்பு மாணவன். தனக்குப் பையன்கள் மீதுதான் ஈர்ப்பு வருகிறது என்று ஆலோசகரிடம் சொல்லியிருக்கிறான். வீட்டில் கைபேசியைப் பார்த்துவிட்டார்கள். பெற்றோர் வந்து, "இவனை மாத்திக் குடுங்க" என்கிறார்கள்.

ஒருநாள் பயிலரங்கு

நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். செலவு குறைவு, லீவு வேண்டாம், சான்றிதழும் கைக்கு வந்துவிடும். தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்பதால் அந்தக் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளலாம். பேசுபொருள் பெரும்பாலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம்.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். 2012-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல்துறைக்குத் தகவல் சொல்லச் சொல்கிறது. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. வேன் ஓட்டுநர், பி.டி. மாஸ்டர், ஆயா உட்பட எல்லோரையும் உட்கார வைத்து இதைச் சொல்லலாம். இதற்காகச் சென்னையில் துளிர் அமைப்பையோ, பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் சம்வாத் பிரிவையோ அணுகலாம். குழந்தைப் பாதுகாப்பில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள்.

ஆனால் முதல் மாணவியை இந்த அரங்குக்குள் கூட்டி வந்து பாருங்கள். "ரிப்போர்ட் பண்ணுங்க" என்ற பதில் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். சட்டப்படி அது சரி. இந்தியாவில் சம்மத வயது 18. அதை 16 ஆகக் குறைப்பது பற்றி யோசிக்கலாம் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கருத்துச் சொன்னது. 2021 ஜனவரியில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று சொல்லி ஒரு வழக்கையே ரத்து செய்தார். ஆனால் 2023-இல் சட்ட ஆணையம் தன் 283-ஆவது அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம் என்று பரிந்துரைத்துவிட்டது. 2022-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு வழக்கு ஒன்றில், சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவளது அடையாளத்தைச் சொல்லாமலேயே மருத்துவர் போக்சோ தகவல் கொடுக்கலாம் என்றது. அந்தச் சலுகை பதிவு பெற்ற மருத்துவருக்குத்தான், பள்ளி ஆலோசகருக்குக் கிடையாது. புகார் போனால் அந்த 17 வயதுப் பையன் சிறார் நீதி வாரியத்தின் முன் நிற்பான். அவனும் நம் மாணவன்தான்.

இவ்வளவுக்கும் நடுவில்தான் ஆலோசகர் அந்தப் பெண்ணோடு அமர்ந்திருக்கிறார். அவள் வாய் திறப்பதற்கு முன், முதல் சந்திப்பிலேயே, "நீ சொல்றத வெளிய சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, வேற யாருக்காவது ஆபத்துன்னாலோ, 18 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்குப் பாலியல் விஷயமா ஏதாவது நடந்திருந்தாலோ நான் சொல்லியே ஆகணும்" என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், எதைச் சொல்வது எதைச் சொல்லாமல் விடுவது என்பது அவள் கையில் இருந்திருக்கும். சொல்லாமல் விட்டிருந்தால், இப்போது அவளிடம் எப்படிப் பேசுவது, காவல் நிலையம் போவதற்கு முன் அவளுக்கு என்ன தெரிய வேண்டும், யார் அவளோடு போவது, மறுநாள் அவள் வகுப்புக்கு எப்படி வருவாள்? பயிலரங்கில் இதற்குக் கிடைப்பது மதிய உணவுக்கு முன் ஐந்து நிமிடக் கேள்வி நேரம். ஊழியர் எல்லோருக்கும் ஆண்டுதோறும் பயிலரங்கு வையுங்கள், ஆனால் அதை ஆலோசகரின் பயிற்சி என்று கணக்கு எழுதாதீர்கள்.

என்சிஇஆர்டி டிப்ளமோ

வழிகாட்டல், ஆலோசனைக்கான இந்த ஓராண்டு டிப்ளமோவில் முதல் ஆறு மாதம் தொலைநிலைக் கல்வி, அடுத்த மூன்று மாதம் நேரடி வகுப்பு, கடைசி மூன்று மாதம் சொந்த ஊரில் களப் பயிற்சி. தென் மாநிலத்தவருக்கு அருகில் இருக்கும் மையம் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம்.

இரண்டாவது மாணவனுக்கு நிஜமாகவே பயன்படுவது இதுதான். தன்னைக் கீறிக்கொள்வதும் சாக நினைப்பதும் ஒன்றல்ல. எது எது என்று தெரிய, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிட மாட்டோம். அந்தக் கேள்வியை நடுங்காமல் கேட்க, யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது பலமுறை கேட்டுப் பழக வேண்டும். அப்புறம் குறிப்பு எழுதுவது. என்ன கேட்டேன், பையன் என்ன சொன்னான், எந்த மணிக்கு யாரிடம் சொன்னேன் என்று எழுதும் பழக்கமும் களப் பயிற்சியில்தான் படியும். அப்பாவிடம் சொல்லியே தீர வேண்டும் என்றால், அதைப் பையனிடம் முதலில் சொல்லி, அம்மாவிடமா, அத்தையிடமா, யாரிடம் தொடங்கலாம் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். பன்னிரண்டு வயதானாலும் பதினேழு ஆனாலும் பிள்ளைகள் இந்த மரியாதையை மறப்பதில்லை.

குறை என்று பார்த்தால், மூன்று மாதம் வீட்டை விட்டு மைசூரில் இருக்க வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் ஆலோசகருக்கு இது முடியாது. சம்பளத்தோடு விடுப்புத் தரும் பள்ளிகளும் குறைவு. பாடமொழி தமிழ் இல்லை, பிள்ளைகள் அழுவதோ தமிழில். ஆசிரியராக இருந்து ஆலோசகர் ஆனவர்களுக்கு இந்த டிப்ளமோவை அழுத்திப் பரிந்துரைக்கிறேன். அவர்களுக்கு அடித்தளமே இதில்தான் கிடைக்கும்.

அமெரிக்க இணையவழிச் சான்றிதழ்

இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். பள்ளி ஆலோசனையை ஒரு தனித் தொழிலாக அங்கே நெடுங்காலமாக வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் அறநெறிக் கோவை 1984-இல் வந்து, பலமுறை திருத்தப்பட்டு, கடைசியாக 2022-இல் புதுப்பிக்கப்பட்டது. தேசிய அளவில் சான்று பெற்ற ஆலோசகர் அதைத் தக்கவைக்க ஐந்தாண்டுக்கு 100 மணி நேரம் படித்துக் காட்ட வேண்டும். நம் நாட்டில் பள்ளி ஆலோசகருக்கு உரிமம் என்ற ஒன்றே கிடையாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் ஆலோசகர்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 'மனநல வல்லுநர்' என்பதற்குக் கொடுத்த வரையறைக்குள், வெறும் எம்.ஏ. முடித்த பள்ளி ஆலோசகர் வருவதில்லை.

அந்தப் படிப்புகளில் வரும் வழக்குகளும் கண்ணைத் திறக்கும். மேரிலாந்தில் ஒரு 13 வயது மாணவி சாகப் போவதாகப் பேசியதைத் தோழிகள் ஆலோசகர்களிடம் சொல்கிறார்கள். ஆலோசகர்கள் கேட்டபோது அவள் மறுக்கிறாள். அவர்கள் பெற்றோருக்குச் சொல்லாமல் விடுகிறார்கள். அவள் இறந்துபோகிறாள். மாணவி மறுத்தாலும் பெற்றோரை எச்சரிக்கும் கடமை ஆலோசகருக்கு உண்டு என்று 1991-இல் அந்த மாநில நீதிமன்றம் சொன்னது. நம் 14 வயது மாணவன் "சும்மாதான் சார் கீறிக்கிட்டேன்" என்று சொல்லும்போது இந்த வழக்கு ஞாபகத்துக்கு வர வேண்டும்.

ஆனால் முதல் மாணவியின் விஷயத்தில் இதே படிப்பு ஆலோசகரைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். அங்கே சம்மத வயது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தகவலும் பெரும்பாலும் குழந்தைகள் நலத்துறைக்கே போகும். ஆலோசகர் தனக்கென்று மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளைப் பெற்றோர் பார்க்க முடியாதபடி 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே காக்கிறது. அந்த நம்பிக்கையில் இங்கே ஒருவர் குறிப்பு எழுதினால் மாட்டிக்கொள்வார். அதனால் அறநெறிக் கோவையை இணையத்தில் இலவசமாகப் படியுங்கள், ஆண்டுக்கொருமுறை திரும்பவும் படியுங்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

மாதாந்திரக் கேஸ் குழு

வெவ்வேறு பள்ளிகளின் ஆலோசகர்கள் ஐந்தாறு பேர், அவர்களோடு மூத்த உளவியலாளரோ மனநலச் சமூகப் பணியாளரோ ஒருவர். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம். ஒவ்வொருவரும் தன்னைத் தூங்கவிடாத ஒரு கேஸைக் கொண்டு வருவார்கள். பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் மாற்றித்தான் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் கேஸ் பேசவே கூடாது. ஒரே பள்ளியைச் சேர்ந்த இருவர் ஒரே குழுவில் இல்லாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது மாணவனை இங்கே கொண்டு வந்து பாருங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பமே இல்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. பயிலரங்கிலோ இணையத்திலோ இதைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எதிரே அழும் அம்மா. பக்கத்து அறையில், "பேரன்ட்ஸ் கேக்கறதச் செஞ்சு அனுப்புங்க, பிரச்சினை வேண்டாம்" என்று சொல்லும் தாளாளர். சம்பளம் தருபவரும் அவர்தான். ஆலோசகரின் சொந்த மனதிலும், தான் வளர்ந்த வீட்டில் கேட்ட பேச்சுகள் ஒலித்துக்கொண்டிருக்கும். தனியாக இருக்கும் ஆலோசகர் இந்த இடத்தில்தான் வளைந்துகொடுக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, களைப்பு போதும். குழுவில் இருப்பவரோ, "இதே நெருக்கடி எனக்கும் வந்தது, பெற்றோரிடம் நான் இப்படித்தான் தொடங்கினேன்" என்று ஒருவர் சொல்வதைக் கேட்டிருப்பார். தாளாளரிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தைக் குழுவிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பார்.

அந்த 2021 தீர்ப்பை எழுதியவரும் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ்தான். தீர்ப்புக்கு முன் அவர் ஓர் உளவியலாளரிடம் அமர்வுக்குச் சென்று, தனக்குள் இருந்த முன்முடிவுகளைச் சரிபார்த்துக்கொண்டதை வெளிப்படையாகப் பதிவு செய்திருக்கிறார். ஓர் உயர் நீதிமன்ற நீதிபதிக்குத் தேவைப்பட்டது, முதலாம் ஆண்டு ஆலோசகருக்குத் தேவைப்படாதா?

இதிலும் ஆபத்து உண்டு. மூத்தவரே பிற்போக்கானவராக இருந்தால் ஆறு பேருக்கும் அதுதான் தொற்றும். அதனால் அவரிடம் முதலிலேயே மூன்றாவது மாணவனைப் பற்றிக் கேட்டுவிடுங்கள், பதிலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். முதல் மாணவியின் விஷயம் மாதக் கூட்டம் வரை காத்திருக்க முடியாது. அன்றைக்கே அழைக்க மூத்தவரின் தொலைபேசி எண் வேண்டும். குழு யோசனைதான் சொல்லும், சட்டப்படியான பொறுப்பு ஆலோசகருடையதே. சான்றிதழ் கிடைக்காது என்பதால் 50 மணி நேரக் கணக்கில் இதைச் சேர்ப்பதும் கடினம்.

என் தேர்வு

ஒரே ஒரு ஆலோசகர் இருக்கும் தனியார் பள்ளிக்கு என் வரிசை இது: முதல் செலவு கேஸ் குழுவுக்கு. இரண்டாவது, ஊழியர் எல்லோருக்குமான பயிலரங்கு. ஆலோசகர் ஆசிரியப் பணியிலிருந்து வந்தவர் என்றால் இரண்டு மூன்று ஆண்டுக்குள் டிப்ளமோ. கல்லூரியிலிருந்து நேராக வந்தவருக்கு முதல் ஆண்டு மாதம் ஒருமுறை போதாது, வாரம் ஒருமுறையாவது மூத்தவரோடு பேச வேண்டும்.

கணக்குப் பாடமும் எடுத்து ஆலோசனையும் செய்யச் சொல்லப்படும் ஆசிரியர்களுக்கு எந்தப் பயிற்சியும் முழுதாக உதவாது. மதிப்பெண் போடுகிறவரிடம் பிள்ளை எதைச் சொல்லும்? முழுநேர ஆலோசகர் இல்லாத அரசுப் பள்ளிகளில், வகுப்பாசிரியருக்கு நல்ல பயிலரங்கும், 1098 சிறார் உதவி எண்ணும், மனநல உதவிக்கான 14416 டெலிமானஸ் எண்ணும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேர் தெரிந்த ஒருவரும் இருந்தால் இப்போதைக்கு ஓரளவு சமாளிக்கலாம்.

கேஸ் குழுவைத் தேர்ந்தெடுக்கும் பள்ளி இரண்டு விஷயங்களை ஆலோசகரின் பணி நியமன ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். குழு நடக்கும் நாளில் ஆன் டியூட்டி, மூத்தவருக்கான கட்டணம் பள்ளியின் செலவு. ஆணையில் இல்லாவிட்டால் அரையாண்டுத் தேர்வு வரும்போது, "இந்த மாசம் மட்டும் போகாதீங்க, இன்விஜிலேஷனுக்கு ஆள் இல்ல" என்று சொல்லிவிடுவார்கள்.