கொழும்பில் தரம் 1 அனுமதி: தேருநர் இடாப்பைத்தான் கேட்கிறார்கள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு இருந்துகொண்டு, பிள்ளையைத் தமிழ்மொழி மூல அரச பாடசாலையில் சேர்க்க நினைக்கிறவர்களுக்காக இந்த மதிப்பீடு. சொந்த வீட்டு உறுதிப் பத்திரம் உள்ளவருக்கு இந்த அனுமதி முறை நல்லது. வாடகைக்காரருக்கு இது நியாயமாக இல்லை.

நீண்டகாலமாக இடப் பங்கீடு இப்படித்தான்: அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, அங்கே படிப்பவர்களின் சகோதரருக்கு 15, கல்வித்துறை ஊழியருக்கு 5, இடமாற்றம் பெற்ற அரச ஊழியருக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கு 1.

வசிப்போர் பிரிவில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். இங்கே புள்ளி போட்டுத்தான் தெரிவு செய்வார்கள். தேருநர் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், கடந்த ஐந்து ஆண்டுப் பதிவைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஊர் விலாசத்தில் பெயரை வைத்துக்கொண்டு கொழும்பில் பத்து வருடம் இருந்தாலும், இடாப்புப் பதிவுக்கான புள்ளி கிடையாது. முழுப் புள்ளிக்குத் தாய் தகப்பன் இருவர் பெயரும் வேண்டும். ஆகவே பிள்ளை பிறந்த வருடமே கிராம உத்தியோகத்தரிடம் போய், கொழும்பு விலாசத்தில் பதியுங்கள். ஐந்து வயதில் ஓடித் திரிந்து பயனில்லை. வீட்டுக்காரர் பதிய விடமாட்டேன் என்றால், குடிபுகும் முன்பே அதைப் பேசி முடியுங்கள்.

அடுத்தது தூரம். வீட்டுக்கும் கேட்ட பாடசாலைக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் எடுத்து, அதைவிடக் கிட்ட உள்ள, உங்கள் பிள்ளை சேரக்கூடிய ஒவ்வொரு பாடசாலைக்கும் புள்ளி கழிப்பார்கள். மொழிமூலம் வேறான பாடசாலையையும், ஆண் பிள்ளைக்கு மகளிர் பாடசாலையையும் எண்ணக்கூடாது. எண்ணியிருந்தால் நேர்முகப் பரீட்சையிலேயே கேளுங்கள்.

ஆவணங்களில் சிறு பிழைதான் பெரிதாகத் தடுக்கும். மாடிக்குடியிருப்பில் கரன்ட் பில்லில் கட்டட இலக்கம் மட்டும் இருக்கும், இடாப்பில் வீட்டு இலக்கமும் சேர்ந்திருக்கும். இரண்டும் ஒரே வீடுதானா என்று சந்தேகப்படுவார்கள். இரண்டையும் முன்கூட்டியே ஒன்றாக்குங்கள். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்ததாக இருக்கட்டும். புள்ளி அளவு மாறக்கூடியது, கல்வி அமைச்சின் அந்தந்த வருடச் சுற்றறிக்கையையே வாசியுங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

தற்காலிகப் பட்டியலில் பெயர் இல்லையென்றால், சொன்ன திகதிக்குள் மேன்முறையீடு எழுத்தில் போக வேண்டும். எந்தப் புள்ளி ஏன் குறைந்தது என்று குறிப்பிட்டு, அதற்குரிய ஆவணத்தையும் இணையுங்கள். "பிள்ளை கெட்டிக்காரன்" என்று எழுதுவதால் ஒன்றும் நடக்காது.