ரெங்கத்திலிருந்து தஞ்சோங் பியாய்: தேதியையும் நீரிறக்கத்தையும் பார்த்துக் கிளம்புங்கள்

மலேசியாவின் ரெங்கத்தில் அம்மா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தபோது, தஞ்சோங் பியாய் தேசியப் பூங்காவுக்கு அவரை அழைத்துப் போக வேண்டும் என்று விரும்பினேன். ஆசியப் பெருநிலப்பரப்பின் தென்கோடி அங்கேதான் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அம்மா, தாம் வாழும் ஜொகூர் மாநிலத்திலேயே உள்ள அந்தக் கடலோரத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நாள் குறிப்பதிலேயே நான் தவறிவிட்டேன். 2016-இல் நான் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போனபோது ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2014 முதல் அப்படித்தான் இருந்தது. அந்த நினைப்பில், ஞாயிறு வேலைநாள், கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதை நான் அறியவில்லை. “சித்தி, நீங்க இன்னும் பழைய நாட்காட்டியிலேயே இருக்கீங்க,” என்று அக்கா மகன் சிரித்தான்.

வாரநாள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவானதும், அவன் கைபேசியில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் திறந்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். பூங்கா முழுவதும் கண்டல் காடு. நீர் இறங்கினால்தான் சேறும் அதில் வாழும் உயிர்களும் கண்ணுக்குத் தெரியும். நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் நீர், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போவதால், போன வாரம் போய்வந்த உறவினர் சொன்ன நேரம் இந்த வாரத்துக்குப் பொருந்தாது. காலை பத்து மணியளவில் நீர் இறங்கும் ஒரு புதன்கிழமையைக் குறித்துக்கொண்டு, அன்று திறந்திருக்குமா என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த பிறகே மற்ற ஏற்பாடுகளைத் தொடங்கினோம்.

வண்டிதான் தலைவலியாக இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு வாடகைக் கார் கடை முன்பணம் வாங்கிக்கொண்டு, முதல்நாள் இரவு எட்டு மணிக்கு மேல், கார் இல்லை என்று குறுஞ்செய்தி அனுப்பியது. பணம் நான்கு நாள் கழித்தே திரும்பி வந்தது. பிறகு அக்காவின் பழைய மைவி காரில் ஏறி, செம்பனைக் குலை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, சிம்பாங் ரெங்கம், பெனுட், பொந்தியான் வழியாகப் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரமாயிற்று.

நுழைவுச்சீட்டு முகப்பில் குடிமக்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றபோதே என் ஐசியை (மலேசிய அடையாள அட்டையை) திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா தம்முடைய ஐசியை நீட்டி, “இவளும் இங்கே பிறந்தவள்தான்,” என்று மலாயில் வாதாடிப் பார்த்தார்; ஊழியர் பொறுமையாகச் சிரித்துவிட்டு என் கடப்பிதழைக் கேட்டார். விதி விதிதான்; அதில் எனக்குக் குறையில்லை.

பியாய் என்பது சதுப்பில் வளரும் ஒரு பெரணியின் மலாய்ப் பெயர். இந்த இடமும் அருகிலுள்ள குக்குப் தீவும் சுங்கை பூலாய் கழிமுகமும் 2003 ஜனவரி 31 அன்று ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் ஒன்றாகச் சேர்ந்தவை. மேடைப்பாதையில் நடந்தபோது, விரல் நீள மீன் ஒன்று முன்துடுப்புகளை ஊன்றிச் சேற்றில் ஏறி, வாயில் நீரை அடக்கியபடி முண்டைக்கண்களை உருட்டியது. மலாயில் இதைப் பெலாச்சாக் என்பார்கள். “மீன் தரையில் நடக்கிறதே!” என்று அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றுவிட்டார். முனைக்கு அருகில், அலை அரித்ததால் வேரோடு சாய்ந்த மரங்கள் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் நீரிணையில் கப்பல்கள் வரிசைகட்டி நின்றன.

முட்டிவலி உள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள், மழை பெய்தால் பலகை வழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நீண்டவால் குரங்குகள் பையைக் குறிவைப்பதால், கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை நாங்கள் பொந்தியானுக்குத் திரும்பி வந்துதான் பிரித்தோம்.